கழற்றலும் மாட்டலும்

மோட்டார் வாகனங்களைப் பழுதுபார்ப்பது பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற கையேடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் உறுப்பைக் கழற்றும் முறையை எண்ணிட்டு, படம் போட்டு, பத்துப் பன்னிரண்டு படிகளில் விளக்குவார்கள். மாட்டும் முறை என்னும் தலைப்பு வந்ததும், மேற்சொன்னதைத் தலைகீழ் வரிசையில் செய்க என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார்கள். கடந்த சில மாதங்களாக அந்த ஒரு வரியோடு எனக்குப் பகை. அதன் காரணத்தை இலக்கியம் படிக்கும் நண்பர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக நான் செய்துவரும் ஒரு தவற்றை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு காரின் பானெட் என்பதே அந்தக் காரணம்.

கார் என் தாய்மாமனுடையது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் மூன்று, 1970-இல் பதிவானது. மாமா விருத்தாசலத்தில் ஒரு சிறிய செராமிக் பட்டறை வைத்திருந்தார். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும், மின்கம்பத்தில் கம்பி தாங்கும் சுருணைகளும் செய்தார். கொலுக்காலம் நெருங்கினால் பொம்மைகளும் உண்டு. காரை மூன்றாம் கையாக வாங்கினார். களிமண் மூட்டை முதல் கலியாண மாப்பிள்ளை வரை எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். 2019-இல் அவர் காலமான பிறகு, சூளைக் கொட்டகையின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் அது நின்றுகொண்டிருந்தது.

ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்கு அதன் பானெட்டைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். மற்றக் கார்களில் பானெட் என்பது எஞ்சினுக்கு மேலுள்ள ஒரு பலகை. ஹெரால்டில் முன்முகம் முழுதுமே பானெட். இரு பக்கச் சக்கர வளைவுகள், விளக்குகள், மூக்கு எல்லாம் சேர்ந்த ஒரே கூடு அது. மூக்கடியில் கீல், கண்ணாடிக்குக் கீழே இரு பக்கமும் வெளிப்புறத்தில் இரண்டு கொக்கிகள். கொக்கிகளை விடுவித்து முன்னால் சாய்த்தால் முதலை வாயைத் திறந்ததுபோல் மொத்தமும் எழுந்து நிற்கும். எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டீரிங், முன்சக்கரங்கள் எல்லாம் வெட்டவெளியில் தெரியும். மெக்கானிக் முன்டயரின் மேல் முக்காலியில் உட்கார்வதுபோல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். என் பிள்ளைப்பருவத்தில் நான் கண்ட மிகப் பெரிய வேடிக்கை மாமா பானெட்டைத் திறப்பதுதான்.

இந்த அமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்குக் கார்க்கூடு செய்துகொடுத்த தொழிற்சாலையை 1950-களில் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழுக்கூட்டையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. ஆகவே பல இடங்களில் செய்த தகடுகளைத் தனிச்சட்டம் ஒன்றின்மேல் போல்ட் போட்டுப் பூட்டும் பழைய முறைக்கே திரும்பினார்கள். இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி வடிவம் வரைய, 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தது. போல்ட் போட்டுச் சேர்க்கும் வண்டி என்பதால் வெளிநாடுகளில் கோத்து முடிக்கவும் வசதியாயிற்று. சென்னையை அடுத்த ஆலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் அது உருவானது. பின்னாளில் வந்த நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் இன்றும் கொண்டாடும் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி 1962-இல் செய்ததுதான். அதிலும் இதே முன்சாயும் பானெட். ஆக, களிமண் சுமந்த எங்கள் மாமாவின் கார் ஒரு பந்தய வீரனுக்குப் பெரியப்பா முறை.

ஒரு சொற்குறிப்பு. அமெரிக்கர்கள் பானெட்டை ஹூட் என்பார்கள். இங்கிலாந்தில் ஹூட் என்றால் திறந்த காரின் மடக்குக் கூரை. கடல் தாண்டினால் ஒரே சொல் தலையிலிருந்து மூக்குக்கு இறங்கிவிடுகிறது. நான் முதலில் என் குறிப்பேட்டில் 'முன்மூடி' என்றுதான் எழுதினேன். மேஸ்திரி அதைக் கேட்டுச் சிரித்தார். "மூடின்னா தூக்கினா வந்துடணும் தம்பி. இது வராது" என்றார். அடித்துவிட்டுப் பானெட் என்றே எழுதினேன்.

மேஸ்திரிக்கு எழுபத்து நான்கு வயது. மாமாவின் காரை நாற்பது ஆண்டுகள் பார்த்தவர். பட்டறையை மூடிவிட்டார், மகன் சென்னையில் புதுக்கார்கள் பழுதுபார்க்கும் இடத்தில் வேலையில் இருக்கிறான். காரை மறுபடி ஓடவைக்க வேண்டும் என்று நான் போய் நின்றபோது, கண் சரியாகத் தெரிவதில்லை என்று முதலில் மறுத்தார். பிறகு, "நான் சொல்றேன், நீ செய்" என்று வந்தார்.

இந்த வேலைக்கு ஒரு சட்டக் காரணமும் இருந்தது. ஐம்பது ஆண்டு கடந்த கார்களையும் இருசக்கர வாகனங்களையும் பழம்பெரும் வாகனம் என்று தனியே பதிவுசெய்ய 2021-இல் நடுவணரசு விதி வகுத்தது. எண்பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு பத்தாண்டு செல்லும். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது. முதன்மையான நிபந்தனை இதுதான்: வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும்; சட்டத்திலோ, கூட்டிலோ, எஞ்சினிலோ பெருமாற்றம் செய்திருக்கக் கூடாது. மூல வடிவம் என்னும் சொல்லைக் கேட்டதும் பாடபேதம் பார்த்துப் பழகிய எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. ஏட்டுச்சுவடியில் எது மூலம் என்று நாம் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம். போக்குவரத்து அலுவலகம் ஒரு மணி நேரத்தில் முடிவுசெய்துவிட வேண்டும்.

முன்சட்டத்தில் துரு ஏறியிருந்தது. பானெட்டை முழுவதும் இறக்கினால்தான் எவ்வளவு தூரம் என்று தெரியும். முதல்நாள் இரவே கீல் போல்ட்டுகளின்மேல் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தோம். மறுநாள் பேட்டரியைக் கழற்றி, விளக்குகளுக்குப் போகும் கம்பிகளை இணைப்பில் பிரித்தோம். அந்தக் காலத்து ஆங்கிலக் கார்களில் முன்விளக்குக்கு நீலம், பக்கவிளக்குக்குச் சிவப்பு, மண்ணிணைப்புக்குக் கறுப்பு என்று ஒழுங்கு உண்டு. எங்கள் காரில் யாரோ ஒரு புண்ணியவான் எல்லாக் கம்பிகளையும் சிவப்பாக மாற்றியிருந்தான். மேஸ்திரி ஒவ்வொன்றிலும் நூல் கட்டச் சொன்னார். முதல் கம்பிக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு. கீல் தகடு சட்டத்தில் உட்காரும் இடத்தைச் சுற்றி ஆணிமுனையால் கோடு கீறச் சொன்னார். போல்ட்டுக்கு அடியில் இருந்த மெல்லிய தகட்டுத் துண்டுகளை, அவர் பேக்கிங் என்பார், இடப்பக்கத்துக்கு ஒரு தீப்பெட்டி, வலப்பக்கத்துக்கு ஒரு தீப்பெட்டி என்று பிரித்து வைக்கச் சொன்னார். பிறகு நான்கு பேர் சேர்ந்து தூக்கி வைக்கோல்மேல் வைத்தோம். எல்லாம் அரைமணி நேரம்.

"கழட்டுறது கழட்டுறதுக்காக இல்ல தம்பி. மாட்டுறவனுக்குத்தான் கழட்டணும்" என்றார் மேஸ்திரி. அன்று அது வெறும் எச்சரிக்கையாகத்தான் என் காதில் விழுந்தது.

துருவைச் சுரண்டி, ஓரிடத்தில் சிறு ஒட்டுப்போட்டு, வண்ணம் தீட்ட ஐந்து வாரம் ஆயிற்று. இதற்கிடையில் சேலத்திலிருந்து ஒருவர் வந்தார். அவரிடமும் ஒரு ஹெரால்டு உண்டு. விபத்தில் முகம் நசுங்கிவிட்டது. எங்கள் பானெட்டை மட்டும் கேட்டார். சொன்ன விலை முழுக்காருக்கும் நான் எதிர்பார்க்காத தொகை. மறுப்பது எளிதாக இல்லை. அவருடைய கார் ஓடும் நிலையில் இருந்தது, எங்களுடையது இல்லை. அந்த மனிதர் வைக்கோலின் பக்கத்தில் குந்தியமர்ந்து பானெட்டின் உட்புறத்தைத் தடவிப் பார்த்த விதத்தில் உண்மையான அன்பு இருந்தது. "போகுமா?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "போகும். உக்காராது. உக்கார வைக்க ஆள் வேணும்" என்றார். அத்தையிடம் கேட்டதற்கு, "வண்டி போறதுன்னா போகட்டும், முழுசாப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூடியும் பாத்திரமும் பற்றி அத்தைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பீங்கான் மண் உலர்ந்து வேகும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேலும் சுருங்கும்; சுருங்கும்போது சற்றே கோணும். அதனால் சாடியையும் மூடியையும் தனித்தனியே சுடாமல், மூடியைச் சாடியின்மேல் வைத்தே சூளையில் ஏற்றுவார்கள். ஒட்டிக்கொள்ளாதிருக்க வாய்விளிம்பில் மட்டும் மெருகு பூசமாட்டார்கள். இரண்டும் சேர்ந்தே கோணும். அடுத்த சாடியின் மூடி அளவில் ஒன்றாயிருந்தாலும் இதில் ஆடும். ஐம்பது ஆண்டு குண்டுங்குழியுமான சாலையில் ஒன்றாக ஓடிய சட்டமும் பானெட்டும் அப்படித்தான் சேர்ந்து கோணியிருந்தன. சேலத்துக்காரரைத் திருப்பி அனுப்பினோம். சரியா தவறா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை.

பிறகு மாட்டத் தொடங்கினோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

முதல் ஞாயிறு நான் கையேட்டின் சொற்படி எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். கீறிய கோட்டில் தகட்டைப் பொருத்தினேன், பேக்கிங்கைப் போட்டேன், போல்ட்டை இறுக்கினேன், பானெட்டைச் சாய்த்து மூடினேன். இடப்பக்கம் கதவை உரசியது. வலப்பக்கம் விரல் நுழையும் இடைவெளி. மேஸ்திரி வந்து ஒரே பார்வையில் சொன்னார்: "வண்டி கட்டைமேல நிக்குது." துருவேலைக்காகச் சட்டத்தின் அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்திருந்தோம், நான் இறக்க மறந்திருந்தேன். தனிச்சட்டம் உள்ள வண்டியைக் கண்ட இடத்தில் முட்டுக்கொடுத்துத் தூக்கினால் சட்டம் நூலளவு வளையும். அந்த நூலளவு கதவோரத்தில் விரலளவாகத் தெரியும். வண்டியைத் தன் நான்கு சக்கரத்தில், சமதரையில் நிறுத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். நிறுத்திப் பார்த்தோம். எல்லா இடைவெளியும் வேறாயின.

இரண்டாம் ஞாயிறு முதல் அவர் முறை. கீல் போல்ட்டுகளை விரலால் திருகும் அளவுக்கு மட்டும் முறுக்க வேண்டும். அவற்றின் துளைகள் நீள்துளைகள். முன்பின் நகர இடம் உண்டு. பானெட்டை மூடி, கொக்கிகளை மாட்டி, பின்விளிம்பைக் கதவோடு ஒப்பிட்டுப் பார்த்து, மூக்கில் கைவைத்து மெல்லத் தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். பின்பக்க உயரத்தை அங்குள்ள கூம்பு ரப்பர்கள் தீர்மானிக்கும். இடைவெளியை அளக்க அவர் கருவி எதையும் தேடவில்லை. பழைய ஹேக்ஸா பிளேடு ஒன்றைச் செருகி, அது ஓடும் இடத்தையும் நிற்கும் இடத்தையும் விரலால் கேட்டுக்கொண்டே வந்தார். கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கண் அதிகம் உதவவில்லை. ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் விலகும். மறுபக்கம் சரியானால் கொக்கி விழாது. கொக்கி விழுந்தால் மூக்கு தூக்கும். இதில் எதுவும் நான் வைத்திருந்த கையேட்டில் இல்லை.

இரண்டாம் ஞாயிறு இரவு, மறுநாள் பாடத்துக்குக் குறுந்தொகைச் செய்யுள் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் சந்தி பிரித்து, பதவுரை எழுதி, திணை, துறை, கூற்று, உள்ளுறை என்று குறித்து முடித்தேன். அப்போதுதான் கவனித்தேன். செய்யுளை ஒருமுறைகூட முழுதாக வாய்விட்டுப் படிக்கவில்லை. நாளை வகுப்பிலும் படிக்கப்போவதில்லை. நாற்பது நிமிடம் கழற்றிக் காட்டிவிட்டு, இதுவே பாடலின் பொருள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வெளியேறுவேன். மாணவர்கள் செய்யுளைத் துண்டுகளாக எழுதித் தேர்வில் மதிப்பெண் பெறுவார்கள். துண்டுகளைத் திரும்பப் பூட்டி ஒரு பாட்டாக நிறுத்தத் தெரிந்ததா என்று கேட்கும் வினா ஒன்றைக்கூட நான் இதுவரை எழுதியதில்லை.

பிரிப்பதை நான் குறைசொல்லவில்லை. 1950-களில் மர்ரே எஸ். ராஜம் குறைந்த விலையில் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புகள் இல்லாவிட்டால் என்னைப் போன்ற எத்தனையோ பேர் சங்கப்பாடல்களை நெருங்கியிருக்கவே மாட்டோம். பிரிப்பவன் குறிவைத்துப் பிரிக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு. உ.வே.சாமிநாதையர் பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்தது கீல் தகட்டைச் சுற்றிக் கீறிய கோடு போன்றது. தாம் கொண்ட பாடம் தவறென்று பின்னால் வருபவனுக்குத் தோன்றினால், அவன் தகட்டை நகர்த்திக்கொள்ள இடம் விட்டார். குறிப்பில்லாமல் திருத்திய பதிப்புகள் எல்லாக் கம்பியையும் சிவப்பாக்கிய புண்ணியவானின் வேலை.

நம் மரபுக்கு இது தெரியாததன்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளுள் ஒன்றாக மாட்டு என்பதைச் சொல்கிறது. பொருள் அகன்று கிடந்தாலும் அணுகிக் கிடந்தாலும் அதைக் கொண்டுவந்து பொருந்தச் சேர்ப்பது மாட்டு. பட்டறையில் மேஸ்திரி சொல்லும் 'மாட்டு' இலக்கண நூலில் அதே எழுத்துகளோடு இருக்கிறது. இருபது ஆண்டு பாடம் நடத்தியும் இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்கு ஒரு பானெட் தேவைப்பட்டது. மாட்டு என்ற பெயரால் பத்துப்பாட்டின் அடிகளை முன்னும் பின்னுமாக எடுத்துக் கூட்டியவர் நச்சினார்க்கினியர். முல்லைப்பாட்டின் 103 அடிகளையும் அவர் அலைத்துச் சிதைத்துவிட்டார் என்று மறைமலையடிகள் 1903-இல் தம் ஆராய்ச்சியுரையில் கடிந்தார். அடிகளின் பக்கமே என் மனம் சாயும். ஆயினும் நச்சினார்க்கினியரிடம் ஒரு நேர்மை உண்டு. எதை எங்கிருந்து எடுத்தேன், எதனோடு பூட்டினேன் என்று வரிவரியாகச் சொல்கிறார். அவர் மாட்டியது கோணலாயிருக்கலாம். மாட்டாமல் விட்டுப் போகவில்லை. நாம் வகுப்பில் செய்வது அதைவிட மோசம்.

மூன்றாம் ஞாயிறுக்கு முன் ஒரு சோதனை செய்தேன். எங்கள் ஊர் மாணவர்கள் பலர் செராமிக் வேலை செய்யும் வீடுகளிலிருந்து வருபவர்கள். வீட்டில் நடக்கும் ஒரு வேலையில், கழற்றியதைத் திரும்பப் பூட்டுவது எப்படி என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பொம்மைவார்க்கும் வீட்டுப் பெண் ஒருத்தி பிளாஸ்டர் அச்சைப் பற்றி எழுதியிருந்தாள். கூழ்மண் ஊற்றுவது, அச்சு ஈரத்தை உறிஞ்சுவது, பொம்மை சுவரைவிட்டு விலகும் நேரம், அச்சின் இரு பாதிகளைப் பிரிக்கும் பக்குவம் எல்லாம் இரண்டு பக்கம், அருமையான தமிழில். கடைசியில்: 'பிறகு அச்சை முன்போல் சேர்த்துக் கட்ட வேண்டும்.' நான் சிரித்துவிட்டேன். கையேடு எழுதிய ஆங்கிலேயனுக்கும் இவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருவரும் அதே இடத்தில் நின்றுவிட்டார்கள். சேர்த்துக் கட்டுவது எப்படி என்று வாயால் கேட்டபோது, பள்ளமும் முட்டும் பொருந்துவதை, விளிம்பில் ஒட்டிய மண்ணைத் துடைக்காவிட்டால் பொம்மையின் காதோரம் தடித்த கோடு விழுவதை, கயிற்றை எங்கே முதலில் சுற்ற வேண்டும் என்பதை எல்லாம் பத்து நிமிடம் சொன்னாள். தெரியாமலில்லை. எழுதத் தக்கது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

தமிழில் தொழில்களைப் பற்றி எழுத ஆளில்லை என்று அங்கலாய்ப்பவர்கள் பெரும்பாலும் கலைச்சொற்களைப் பற்றியே பேசுகிறார்கள். பானெட்டுக்கு என்ன தமிழ் என்பது சின்னக் கேள்வி. அதை உட்காரவைக்கும் வித்தை மேஸ்திரியின் விரலோடு போய்விடுமா என்பது பெரிய கேள்வி. அதற்கு அகராதிக்குழு தேவையில்லை. பக்கத்தில் குந்தியமர்ந்து நான்கு ஞாயிறு குறிப்பெடுக்க ஒருவன் போதும். தமிழ் முதுகலை மாணவன் ஒவ்வொருவனும் ஆய்வேட்டுக்கு முன் இப்படி ஒரு வேலையை எழுதிக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. துறைக்கூட்டத்தில் சொன்னேன். இது இலக்கியமா என்று கேட்டார்கள்.

எங்கள் ஊர்த் தலபுராணமே இதைத்தான் பேசுகிறது என்று அங்கே சொல்லத் தோன்றவில்லை; வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றிற்று. திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் கேலியாகப் பேசுவது இந்தக் கதையைத்தான். கேலியில் விடுபட்டுப்போன செய்தி ஒன்று உண்டு. ஆற்றில் இடுமுன் அவர் அந்தப் பொன்னில் சிறிது வெட்டி மச்சமாகக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடிய பிறகே சரியாயிற்று. இறைவன் கொடுத்ததென்றாலும் மாதிரி எடுத்து வைத்துக்கொண்ட மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

நான்காம் ஞாயிறு மாலை கொக்கிகள் இரண்டும் ஒரே ஓசையோடு விழுந்தன. நூல் முடிச்சுகளை எண்ணிக் கம்பிகளை இணைத்தேன். இடவிளக்கு எரிந்தது, வலவிளக்கு சற்றுத் தயங்கி எரிந்தது. அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கதவின் மேல்முனையில் மட்டும் இடைவெளி கொஞ்சம் கூடுதலாக, ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு, இருந்தது. இன்னொரு பேக்கிங் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். மேஸ்திரி விரலை அங்கே வைத்துப் பார்த்தார்.

"இது உங்க மாமா நெய்வேலி ரோட்டுல மாட்டை ஒதுக்கி மரத்துல இடிச்சது. எழுபத்தெட்டுல. அப்பவே இது இப்படித்தான். விடு" என்றார்.

பதிவுக்கான படத்தை அந்தப் பக்கமிருந்தே எடுத்தேன்.